வண்டல் மண்ணுக்கு வாடகை டிப்பர் பேசும் முன்: அனுமதி வாங்குவது எப்படி, எங்கே கொட்டுவது?

ஏரி, குளம், கண்மாய்கள் வற்றும் சித்திரை, வைகாசி மாதங்களில் வண்டல் மண் அடிக்கும் வேலை ஊருக்கு ஊர் நடக்கும். மணல் கலந்த நிலத்துக்கும் செம்மண் நிலத்துக்கும் வண்டல் நல்ல மருந்து. மண்ணுக்கு அரசு பணம் வாங்குவதில்லை. செலவெல்லாம் ஜேசிபி வாடகையும் டிராக்டர் நடைக்கூலியும்தான்.

அந்தச் செலவு வீணாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, அனுமதிச் சீட்டு கைக்கு வருமுன் வண்டியை வரவழைப்பது. மற்றொன்று, மண் ஏற்றிய வண்டி வயல் வாசலில் நின்று, டிரைவர் "அண்ணே, எங்கே கொட்டுறது?" என்று கேட்ட பிறகு இடம் யோசிப்பது. சீட்டு இல்லாவிட்டால் வண்டியே பறிமுதலாகும். இடம் தவறினால் ஒரு முறை கொட்டிய மண்ணை மறுபடி அள்ள இன்னொரு வாடகை. மின்கம்பியின் அடியில் தொட்டியைத் தூக்கிவிட்டால் உயிரே போகும். ஆகவே சீட்டும் இடமும் முடிவான பிறகுதான் வண்டி பேச வேண்டும்.

முதல் கேள்வி: உங்கள் நிலத்துக்கு வண்டல் தேவையா?

தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே காய்ந்துவிடும் மணற்பாங்கான நிலம், சரளை கலந்த செம்மண் நிலம் ஆகியவற்றுக்கு வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இடும் உரம் அடியில் கரைந்து போவதையும் குறைக்கும். ஏற்கெனவே களிமண்ணாக, தண்ணீர் தேங்கி நிற்கும் நிலத்துக்கு வண்டல் அடித்தால் வடிகால் இன்னும் மோசமாகும்.

எல்லா ஏரி மண்ணும் நல்ல மண் அல்ல. மண் எடுக்கப்போகும் இடத்தில் நான்கைந்து குழி தோண்டி, எடுக்கும் ஆழம் வரை மாதிரி எடுத்து, கலந்து, அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தாலோ, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 1 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தாலோ அந்த மண்ணை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். சாயக்கழிவு, தோல் கழிவு, சாக்கடை வந்து சேரும் நீர்நிலையின் மண்ணை இலவசமாகக் கிடைத்தாலும் வயலுக்குக் கொண்டுவர வேண்டாம். திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் வழியாக ஒரத்துப்பாளையம் அணையில் சேர்ந்து அந்தப் பகுதி விவசாயத்தைப் பாழாக்கியதை நாம் மறக்கக் கூடாது.

அனுமதி: யாரிடம், எப்படி?

ஏரி மண் அரசுக்குச் சொந்தமான சிறு கனிமம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-ன் கீழ், விவசாயப் பயன்பாட்டுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் அதைக் கட்டணமின்றி எடுக்க வழி இருக்கிறது. முன்பு மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போக வேண்டியிருந்தது. 2024-ல் விதி திருத்தப்பட்டு, அந்த அதிகாரம் வட்டாட்சியருக்கு வந்துவிட்டது. இப்போது இ-சேவை மையம் மூலமாக இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

* நீங்கள் நினைக்கும் ஏரி பட்டியலில் இருக்கிறதா? மாவட்ட அரசிதழில் வெளியிட்ட நீர்நிலைகளில் மட்டுமே அனுமதி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரியும்.
* உங்கள் நிலமும் அந்த நீர்நிலையும் ஒரே வட்டத்தில் இருக்க வேண்டும்.
* சிட்டா, அடங்கல், ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் சான்று தயாராக இருக்கட்டும். குத்தகை நிலம் என்றால் எந்த ஆவணம் ஏற்கப்படும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால், நன்செய்க்கு 25 நடை, புன்செய்க்கு 30 நடை.

சீட்டு கைக்கு வந்ததும் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். எந்த ஏரி, எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி வரை, எத்தனை கன மீட்டர் என்று பாருங்கள். தேதி முடிந்து ஒரு நடை போனாலும் அது அனுமதியில்லாத நடைதான். சீட்டின் நகல் ஒவ்வொரு டிரைவரிடமும் இருக்க வேண்டும். வண்டியைச் சாலையில் நிறுத்தும்போது சீட்டு வீட்டுப் பீரோவில் இருந்து பயனில்லை.

உங்கள் நிலத்துக்கு என்று வாங்கிய மண்ணை வேறு ஒருவருக்கு விற்கக் கூடாது. செங்கல் சூளைக்கோ வீட்டுமனை நிரப்பவோ திருப்பிவிடவும் கூடாது. "மிச்சம் நாலு நடையை எனக்குக் கொடுங்க, டீசல் செலவை நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதியின்றிக் கனிமம் எடுப்பதற்கும் கொண்டுபோவதற்கும் 1957-ம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 21-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. வண்டி, இயந்திரம் இரண்டையும் பறிமுதல் செய்யலாம். வாடகைக்கு வந்த வண்டி பறிமுதலானால் வண்டிக்காரரின் பிழைப்பும் போகும், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவும் போகும்.

ஏரிக்குள் எங்கே தோண்டுவது?

சீட்டில் குறித்த இடத்தை நீர்நிலைப் பொறுப்பு அலுவலர் காட்டித் தருவார். அதைத் தாண்ட வேண்டாம். கரைக்குப் பக்கம் வண்டிக்கு வசதியாக இருக்கும், ஆனால் கரையின் அடியைத் தோண்டினால் கரை பலமிழக்கும். மழைக்காலத்தில் அங்கேதான் கசிவு தொடங்கும். மதகு, மடை, கலிங்கு அருகிலும் கை வைக்கக் கூடாது.

ஆழத்துக்கும் காரணம் இருக்கிறது. நமக்கு வேண்டியது மேலே படிந்த வண்டல் மட்டும். அதைத் தாண்டி மணல் அடுக்கு தெரியும் வரை தோண்டினால் ஏரியில் தண்ணீர் நிற்காது. ஆயக்கட்டுக்கே நட்டம். ஒரே இடத்தில் செங்குத்தாகக் குழி எடுத்தால், மழை வந்து ஏரி நிறைந்த பிறகு அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. குளிக்க இறங்கும் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க இறங்கும் மாடுகளும் அதில்தான் சிக்குகின்றன. பரவலாக, சமமாக எடுத்து, ஓரங்களைச் சரிவாக விடச் சொல்லுங்கள்.

நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய இடத்து மண்ணைத் தவிருங்கள். அதன் தண்டுத் துண்டு ஈரத்தில் பட்டாலே துளிர்க்கும். கோரைக் கிழங்கு நிறைந்த மண்ணும் அப்படியே. ஒரு நடை மண்ணோடு பல ஆண்டுக் களையெடுப்புக் கூலியும் சேர்ந்து வயலுக்கு வந்துவிடும்.

வாடகை பேசும்போது

நடைக்கு இவ்வளவு என்று பேசுகிறீர்களா, மணிக்கு இவ்வளவு என்றா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். நடைக் கணக்கு என்றால் தொட்டியின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கினால் கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், அதாவது சுமார் 2.8 கன மீட்டர். மூன்று யூனிட் லாரி டிப்பர் என்றால் சுமார் 8.5 கன மீட்டர். சீட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் எத்தனை நடை என்று அப்போதே கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளலாம்.

ஜேசிபி மணிக்கணக்கில் ஓடும். டிராக்டர் வராமல் அது சும்மா நின்றாலும் பேசிய விதத்தைப் பொறுத்து வாடகை ஏறும். ஒரு நடை ஏற்ற 6 நிமிடம், போய்க் கொட்டி வர 30 நிமிடம் என்றால், ஒரு ஜேசிபிக்கு ஆறு டிராக்டர் இருந்தால்தான் இரு பக்கமும் காத்திருப்பு இருக்காது. இரண்டு டிராக்டரை வைத்துக்கொண்டு ஜேசிபியை நாள் முழுக்கப் பிடிப்பது நட்டம். பக்கத்து நிலத்துக்காரர்கள் அவரவர் பெயரில் சீட்டு வாங்கி, ஒரே நாளில் சேர்ந்து அடித்தால் இந்தச் செலவு குறையும். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இயந்திரங்கள் அரசு நிர்ணயித்த வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, டிரைவரின் உரிமம் ஆகியவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். டிராக்டரின் மட்கார்டிலும் டிப்பரின் மேலும் ஆட்களை ஏற்றாதீர்கள். விழுந்தால் சக்கரத்துக்கு அடியில்தான். காப்பீட்டுப் பணமும் கிடைக்காமல் போகலாம்.

வயலில் கொட்டும் இடம்: முதல் நாளே முளைக்குச்சி

வேலைக்கு முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, கொட்ட வேண்டிய இடங்களில் முளைக்குச்சி அடித்து அல்லது சுண்ணாம்புத் தூள் போட்டுக் குறித்துவிடுங்கள்.

அனுமதித்த அளவு முழுவதையும் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தண்ணீர் நிற்காத மணல் நிலத்துக்கு ஹெக்டேருக்கு 100 டன் வரை களிமண் இடலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 40 டன், அதாவது சுமார் 10 டிராக்டர் நடை. கையில் பணம் குறைவு என்றால் இந்த அளவில் தொடங்கி, ஒரு பட்டம் பயிர் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம். 25 நடை முழுவதையும் அடித்தாலும் ஒரு ஏக்கரில் பரப்பினால் கிடைப்பது 2 சென்டிமீட்டருக்கும் குறைவான கனம்தான். அதனால்தான் குவியல்களைச் சரியான இடைவெளியில் போடுவது முக்கியம்.

* ஏக்கருக்கு 10 நடை: 10 சென்டுக்கு ஒரு குவியல். குவியலுக்குக் குவியல் 66 அடி.
* ஏக்கருக்கு 25 நடை: 4 சென்டுக்கு ஒரு குவியல். 42 அடி. சதுரமான ஏக்கர் என்றால் வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை. முதல் குவியல் வரப்பிலிருந்து 21 அடி தள்ளி.
* ஏக்கருக்கு 30 நடை: 42 அடிக்கு 35 அடி. ஐந்துக்கு ஆறு வரிசை.

இப்படிப் போட்டால் டிராக்டர் பிளேடு வைத்து ஒரு சுற்றில் பரப்பிவிடலாம். எல்லாவற்றையும் வாசலிலேயே ஒரே மலையாகக் கொட்டினால், பரப்புவதற்கு மறுபடி ஜேசிபி கூப்பிட வேண்டும். அந்த இடத்தில் மண் கனமாகவும் கடைக்கோடியில் ஒன்றுமில்லாமலும் போய், பயிர் மேடும் பள்ளமுமாக வரும்.

கொட்டக் கூடாத இடங்கள்

மின்கம்பிக்கு அடியில். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஓடும்போது கம்பிக்குக் கீழே நுழைந்து வரும் வண்டி, தொட்டியைத் தூக்கும்போது பல அடி உயரும். கம்பி தொய்ந்திருந்தால் இன்னும் மோசம். கம்பி போகும் பாதைக்கு இருபுறமும் தொட்டி தூக்கிய உயரத்துக்குக் குறையாத தூரத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டு, "இதற்குள் தூக்காதீர்கள்" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்லுங்கள். தொட்டியைத் தூக்கியபடியே வண்டியை நகர்த்தவும் விடாதீர்கள். தவறிக் கம்பி பட்டுவிட்டால் டிரைவர் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் வண்டியைத் தொடாமல், அருகிலும் போகாமல், மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலக வேண்டும்.

கிணற்று ஓரத்தில். மண் ஏற்றிய மூன்று யூனிட் லாரியில் மண் மட்டும் ஈரத்தைப் பொறுத்து 12 டன் வரை இருக்கும். சுவர் கட்டாத கிணறு என்றால், கிணற்றின் ஆழம் எத்தனை அடியோ அத்தனை அடி தள்ளி வண்டியை ஓட்டுவது பாதுகாப்பு.

சரிவிலும், புதிதாக நிரப்பிய மண்ணிலும். ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் தூக்கிய தொட்டி வண்டியையே சாய்த்துவிடும். சமதளத்தில், டிராக்டரும் டிப்பரும் ஒரே நேர்க்கோட்டில் நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். ஒட்டிய மண்ணைத் தட்டிவிட யாரும் தூக்கிய தொட்டிக்குக் கீழே போகக் கூடாது.

பாசன வாய்க்கால், வடிகால், ஓடையில். உங்களுக்கு ஒரு நாள் வசதி, கீழ் நிலத்துக்காரருக்கு ஒரு பட்டம் முழுக்கத் தொல்லை. வாய்க்காலைத் தாண்டித்தான் வண்டி வர வேண்டும் என்றால் சிமெண்ட் குழாய் போட்டு மேலே மண் நிரப்பி, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பொதுச் சாலையில். "ராத்திரி மட்டும் ரோட்டோரம் கிடக்கட்டும்" என்று கொட்டிய குவியலில் இருட்டில் வந்த இருசக்கர வண்டி மோதினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஊராட்சிச் சாலையில் வண்டிகள் தொடர்ந்து போகப்போகின்றன என்பதை ஊராட்சி அலுவலகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். சிந்திய மண்ணை அன்று மாலையே வழித்துவிடுங்கள். தூறல் விழுந்தால் வண்டல் எண்ணெய் போல் வழுக்கும்.

மரத்தடியில். தென்னை, மாந்தோப்பில் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள். அடித்தண்டு எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகல் வரும். மரத்தைவிட்டுத் தள்ளிக் கொட்டி, பிறகு பாத்தியில் மெல்லியதாகப் பரப்புங்கள்.

சர்வே கல் மீதும், பூமிக்கடியில் குழாய் போகும் வழியிலும். கல் புதைந்தால் எல்லைத் தகராறு முளைக்கும். குழாய் உடைந்தால் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் அன்றுதான் தெரியும்.

வண்டி வரும் வழி

வயலுக்குள் வண்டி கண்டபடி ஓடினால், வண்டல் தந்த நன்மையைச் சக்கரம் கெடுத்துவிடும். அழுந்திய மண்ணில் வேர் இறங்காது. ஒரே வாசல், ஒரே தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கோடிக் குவியலை முதலில் போட்டு, பின்னோக்கி வாசலை நோக்கி வாருங்கள். ஈரமான வயலில் வண்டி இறக்கவே வேண்டாம். கனரக லாரியை விட டிராக்டர் டிப்பர் வயலுக்கு நல்லது. வேலை முடிந்ததும் தடம் விழுந்த பாதையை உளிக்கலப்பையால் கிளறிவிடுங்கள். அடுத்தவர் நிலத்தின் வழியே போக வேண்டியிருந்தால், அவரிடம் நேரில் கேட்டு, உடைந்த வரப்பை நீங்களே கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

கொட்டிய பிறகு

குவியலை ஒன்றிரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, கட்டிகளை உடைத்துப் பரப்பி, கோடை உழவோடு மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். கூடவே தொழு உரமும் இட்டால் வண்டல் மண்ணோடு நன்றாகச் சேரும். பரப்பாமல் விட்ட குவியலின் மேல் பெருமழை பெய்துவிட்டால் அது களியாகி, பின் காய்ந்து கல்லாகும். ஆடிப்பட்ட விதைப்புக்குள் எல்லாம் கலந்து முடிந்திருக்க வேண்டும்.

வண்டிக்கு போன் செய்யும் முன் இந்த ஐந்தையும் ஒரு முறை சரிபாருங்கள்: மண் பரிசோதனை முடிவு, தேதி முடியாத அனுமதிச் சீட்டு, தொட்டி அளவும் நடைக் கணக்கும் எழுதிய தாள், வயலில் அடித்த முளைக்குச்சிகள், மின்கம்பி ஓரத்தில் சிவப்புத் துணி. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் வண்டியை மறுநாளைக்குச் சொல்லுங்கள். உங்கள் மண்ணுக்கு எத்தனை நடை போதும் என்பதில் சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ, 1800 180 1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையத்திலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.